பெட்டகத்து நெய்

தமிழ்நாட்டில் முழுகாமல் இருக்கும் பெண் தன் பெயரைப் பதிவு செய்து பிக்மி என்ற கர்ப்பப் பதிவு எண்ணை வாங்கிவிட்டால், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் பணத்தோடு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் அவளுக்குக் கிடைக்கும். மொத்த உதவி 18,000 ரூபாய். அதில் 4,000 ரூபாய் இந்தப் பெட்டகங்களின் கணக்கு. சத்துமாவு, இரும்புச்சத்து டானிக், பேரீச்சம்பழம், குடற்புழு மாத்திரை, இவற்றோடு ஆவின் நெய்யும் உண்டு. பெட்டகம் வீட்டுக்கு வந்ததும் முதலில் பேச்சுக்கு உள்ளாவது அந்த நெய்தான். "நெய்ய ஊத்திச் சாப்புடு, புள்ள வழுக்கிக்கிட்டு வரும்" என்பது மாமியார் கட்சி. "எடை ஏறுது, எண்ணெய் நெய்யக் குறைச்சுக்கம்மா" என்பது மாதப் பரிசோதனையில் கேட்டுவரும் கட்சி. சில வருடமாக மூன்றாவது கட்சி ஒன்று கைப்பேசி வழியாக வந்து சேர்ந்திருக்கிறது: கொழுப்பு தின்றால் குடலிலுள்ள நல்ல பாக்டீரியா செத்துப்போகும், அந்தக் கெடுதல் பிள்ளைக்கும் போகும்.

இந்த மூன்றாவது கட்சி சொல்வதில் எவ்வளவு தேறும் என்று பார்ப்பதே இங்கே வேலை. என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நெய்யின் மேல் போட்ட வழக்கு பலவீனமானது. நெய் வந்து சேரும் தேதியின் மேல் வழக்குப் போடலாம். அதற்குச் சாட்சி இருக்கிறது.

தொடக்கத்திலேயே ஒரு முடிச்சு. நாம் சாப்பிடும் கொழுப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது. பாக்டீரியாக் கூட்டம் குடியிருப்பதோ பெரும்பாலும் பெருங்குடலில். பந்திக்கே வராத பண்டம் எப்படிக் கூட்டத்தைக் கலைக்கும்?

கலைப்பது பித்தநீர். கொழுப்பு கூடினால் ஈரல் சுரக்கும் பித்தமும் கூடும். பித்த உப்புகள் சோப்பு மாதிரி வேலை செய்பவை. எண்ணெயைச் சிறு திவலைகளாக உடைப்பது போலவே பாக்டீரியாவின் மேலுறையையும் அவை கரைக்கப் பார்க்கும். தாங்காதவை குறையும், தாங்குபவை பெருகும். பைலோஃபிலா என்றொரு இனம் உண்டு. அந்தப் பெயருக்கே 'பித்தப்பிரியர்' என்றுதான் பொருள். 2014இல் நேச்சர் இதழில் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், சிலருக்கு ஐந்து நாள் இறைச்சியும் முட்டையும் பாலாடைக்கட்டியும் மட்டுமே கொடுத்தார்கள். கலோரியில் எழுபது விழுக்காடு கொழுப்பு. அந்தச் சில நாட்களுக்குள் பைலோஃபிலா, அலிஸ்டிபீஸ் போன்ற பித்தம் தாங்கும் இனங்கள் ஏறின. நார்ச்சத்தைப் புளிக்கவைத்து வாழும் ரோஸ்பியூரியா வகைகள் இறங்கின. பழைய உணவுக்குத் திரும்பியதும் கூட்டம் விரைவிலேயே பழைய நிலைக்கு வந்துவிட்டது. குடல் இவ்வளவு சீக்கிரம் கட்சி மாறும் என்பதை அதுவரை பலர் நம்பியிருக்கவில்லை.

எந்தக் கொழுப்பு என்பதும் கணக்கில் வருகிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தார் 2012இல் எலிகளுக்குப் பன்றிக்கொழுப்பு, குசும்பா எண்ணெய், பால்கொழுப்பு மூன்றையும் தனித்தனியே கொடுத்துப் பார்த்தார்கள். பைலோஃபிலாவைப் பெருக்கியது பால்கொழுப்பு மட்டுமே. டாரின் என்ற கந்தகப் பொருள் ஒட்டிய பித்தத்தை அது அதிகம் சுரக்கவைத்தது. அந்தக் கந்தகம் இந்த பாக்டீரியாவுக்கு விருந்து. நெய் பால்கொழுப்பு ஆயிற்றே என்று இதைப் படிப்பவருக்குத் திக்கென்றிருக்கும். ஆனால் குடல் புண் வந்தது, அழற்சியை அடக்கும் மரபணு நீக்கப்பட்ட எலிகளுக்கு. பால்கொழுப்பு அவற்றின் தீவனத்தில் கலோரியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். நம் வீட்டில் சோற்றின் மேல் விடும் ஒரு தேக்கரண்டி நெய் ஐந்து கிராம்கூடத் தேறாது, நாற்பது கலோரி சொச்சம்.

கொழுப்பு கெடுதல் செய்ய இன்னொரு வழியும் உண்டு. 2007இல் பாட்ரிஸ் கானி குழுவினர், கொழுப்பு மிகுந்த தீவனம் தின்ற எலிகளின் ரத்தத்தில் பாக்டீரியா உறையின் நச்சுத்துணுக்கு இரண்டு மூன்று மடங்கு கூடுவதைக் காட்டினார்கள். கொழுப்பை ரத்தத்துக்கு ஏற்றிச் செல்லும் துகள்களோடு இந்தத் துணுக்கும் ஒட்டிக்கொண்டு போகிறது. உடம்பு அதை மெல்லிய, ஓயாத தொற்றாக எடுத்துக்கொள்கிறது. இன்சுலினுக்கு உடல் சரியாகச் செவிசாய்க்காமல் போவதற்கு இது ஒரு காரணம் என்பது அவர்கள் வாதம். கர்ப்பத்தின் பின்பாதியில் இன்சுலின் எதிர்ப்பு இயல்பாகவே கூடுகிறது. ஆகவே இந்த வாதம் மகப்பேறு ஆய்வாளர்களைச் சும்மா விடவில்லை.

எலி ஆய்வுகளை அப்படியே நம் தட்டுக்கு இறக்குவதில் எனக்குள்ள தகராறு இங்கேதான் தொடங்குகிறது. 'கொழுப்பு மிகுந்த தீவனம்' என்று ஆய்வகங்கள் வாங்குவதில் கலோரியில் நாற்பத்தைந்து அல்லது அறுபது விழுக்காடு கொழுப்பு, பெரும்பாலும் பன்றிக்கொழுப்பு. அறுபது விழுக்காட்டை ஒரு பெண்ணின் 2,000 கலோரிக்கு மாற்றினால் நாளைக்கு 133 கிராம், மாதத்துக்கு ஒரு ஆளுக்கு நான்கு கிலோ. நம் ரேஷன் கடைக் கணக்கைப் பக்கத்தில் வையுங்கள். அட்டைக்கு ஒரு லிட்டர் பாமாயில், சுமார் 910 கிராம். வீட்டில் நாலு பேர் என்றால் நாளைக்கு ஒருவருக்கு ஏழரை கிராம். கடையில் வாங்குவதையும் சேர்த்தாலும் அந்த எலியின் பக்கத்தில்கூட நம்மில் பெரும்பாலோர் போவதில்லை. இன்னொரு குளறுபடியும் இருக்கிறது. பல ஆய்வுகளில் ஒப்பீட்டுக்கு வைத்த எலிகள் தானியமும் உமியும் கலந்த சாதாரணத் தீவனம் தின்றவை. கொழுப்புத் தின்றவற்றின் தீவனத்திலோ நார் பேருக்குத்தான். அப்படியிருக்க, பாக்டீரியா மாறியது கொழுப்பு வந்ததாலா, நார் போனதாலா? இரண்டு கையையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டிவிட்டு எந்தக் கை திருடியது என்று கேட்பது மாதிரி.

நமக்கு நெருக்கமாக வரும் ஆய்வு சீனாவில் நடந்தது. 2019இல் 'கட்' என்ற மருத்துவ இதழில் வெளியானது. பதினெட்டிலிருந்து முப்பத்தைந்து வயதுக்குட்பட்ட ஆரோக்கியமான 217 பேர். ஆறு மாதம் எல்லாருக்கும் உணவு அளந்து கொடுக்கப்பட்டது. கலோரியில் கொழுப்பு இருபது, முப்பது, நாற்பது விழுக்காடு என மூன்று பிரிவு. கூட்டிய கொழுப்பு சோயா எண்ணெய்; அதற்கு ஈடாகக் குறைத்தது வெள்ளை அரிசியும் கோதுமை மாவும். நார் மூன்று பிரிவுக்கும் ஏறக்குறைய ஒன்றே. நாற்பது விழுக்காட்டுப் பிரிவில் பியூட்டிரேட் தயாரிக்கும் ஃபீக்கலிபாக்டீரியம் குறைந்தது, பாக்டீராய்டிசும் அலிஸ்டிபீசும் கூடின, அழற்சிக் குறிகள் ஏறின. பியூட்டிரேட் என்பது பெருங்குடல் சுவரின் செல்களுக்குத் தினசரிக் கூலி மாதிரி. அது குறைந்தால் சுவர் தளரும். சோறு தின்னும் கூட்டத்தில், பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்களிடம், நாரை மாற்றாமல் கொழுப்பை மட்டும் கூட்டிப் பார்த்த ஆய்வு என்பதால் இதை நான் எலிகளுக்கு மேலே வைக்கிறேன். பார்த்தால், கொழுப்பின் மேலும் கொஞ்சம் குற்றம் இருக்கத்தான் செய்கிறது. இருபதும் முப்பதும் பெரிய தொந்தரவு தரவில்லை, நாற்பதுதான் தந்தது.

கர்ப்பத்துக்குள் போவோம். 2012இல் 'செல்' இதழில் ஓம்ரி கோரன், ரூத் லே குழுவினரின் கட்டுரை வந்தபோது பெரிய பரபரப்பு. ஃபின்லாந்தின் 91 கர்ப்பிணிகளின் மலத்தை முதல் மூன்று மாதத்திலும் கடைசி மூன்று மாதத்திலும் சோதித்தார்கள். கடைசி மாதங்களில் இனங்களின் வகை குறைந்து, புரோட்டியோபாக்டீரியா கூடியிருந்தது. பாக்டீரியாவே இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு இந்தக் கடைசி மாத மலத்தைச் செலுத்தியதும், முதல் மாத மலம் பெற்றவற்றைவிட அவை கொழுத்தன, சர்க்கரையைக் கையாளத் திணறின. மற்ற நேரத்தில் நோயின் அடையாளம் என்று சொல்லப்படும் ஒன்று கர்ப்பத்தில் சிசுவுக்காகச் சக்தி சேர்த்துவைக்கும் ஏற்பாடாக இருக்கலாம் என்றார்கள். நம் பேச்சுக்கு முக்கியமானது வேறொன்று: அந்த மாற்றத்தை அந்தப் பெண்கள் சாப்பிட்டதோடு முடிச்சுப்போட முடியவில்லை. மூன்று வருடம் கழித்து ஸ்டான்ஃபோர்டில் வாராவாரம் மாதிரி எடுத்துப் பார்த்த குழு, கர்ப்பம் நெடுக குடல் பாக்டீரியா பெரிதாக மாறவே இல்லை என்றது. இரண்டு நல்ல குழுக்கள், இரண்டு விடை. ஊரும் உணவும் வேறு என்பதால் இருக்கலாம். கோரன் பிறகு இஸ்ரேலில் தன் ஆய்வகத்திலிருந்து, புரோஜெஸ்டிரோன் ஹார்மோனே பிஃபிடோபாக்டீரியத்தைப் பெருக்குகிறது என்று 2019இல் காட்டினார். பிறக்கப்போகும் குழந்தைக்குத் தாய்ப்பாலைச் செரிக்க உதவும் இனம் அது. தட்டில் என்ன இருந்தாலும் ஹார்மோன் தன் வேலையைத் தனியாகச் செய்கிறது.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2015இல் எலிகளை வைத்துக் கேட்ட கேள்வி கூர்மையானது: கர்ப்பத்தில் நடக்கும் இந்த மாற்றம் எதைப் பொறுத்து? கருவுறுவதற்கு முன்பிருந்தே கொழுப்புத் தீவனம் தின்ற எலிகளில் அது ஒரு திசையில் போனது, சாதாரணத் தீவனம் தின்றவற்றில் வேறு திசையில். கர்ப்பம் அடித்தளம் போடுவதில்லை, ஏற்கெனவே போட்ட அடித்தளத்தின் மேல் கட்டுகிறது. எலிக்கு நான் மேலே வைத்த குறைகள் இதற்கும் பொருந்தும். ஆனாலும் காலத்தைப் பற்றி அது சொன்னதை மனிதர்களும் பின்னர் ஆமோதித்தார்கள். 2023இல் கோரன் குழு 394 கர்ப்பிணிகளை முதல் மூன்று மாதத்திலேயே சோதித்து, பிறகு கர்ப்பகால நீரிழிவு வந்தவர்களைப் பிரித்துப் பார்த்தது. சர்க்கரை கண்டுபிடிக்கப்படுவதற்குப் பல மாதம் முன்பே அவர்களின் குடல் கூட்டமும் அழற்சிக் குறிகளும் வேறாக இருந்தன. அந்த மலத்தை எலிகளுக்குச் செலுத்தியபோது எலிகளும் சர்க்கரையைக் கையாளத் தடுமாறின.

கர்ப்பிணிகள் தின்ற கொழுப்பை நேராக அளந்த ஆய்வுகள் கைவிரல் எண்ணிக்கைதான், அவையும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கின்றன. நார்வேயில் 2016இல் வந்த கணக்கு, மாவுச்சத்தைவிடக் கொழுப்பும் கொழுப்பில் கரையும் வைட்டமின்களும்தான் பாக்டீரியாவோடு நெருங்கிய தொடர்பு காட்டின என்றது. கூர்ந்து படித்தால் வேடிக்கை: ஆலிவ் எண்ணெயும் கடலையெண்ணெயும் சேர்ந்த 'நல்ல' ஒற்றை நிறைவுறா வகை கூடியபோது புரோட்டியோபாக்டீரியா கூடியது, 'கெட்ட' நிறைவுற்ற வகை கூடியபோது குறைந்தது. ஃபின்லாந்தின் துர்க்குவில், உடல் பருத்த கர்ப்பிணிகளிடம் 2017இல் பார்த்தபோது, நாரும் கொழுப்பும் இரண்டுமே பரிந்துரைத்த அளவில் இருந்தவர்களுக்குத்தான் பாக்டீரியா வகை அதிகம். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் 2018இல், நார் குறைந்த கர்ப்பிணிகளிடம் காலின்செல்லா என்ற இனம் கூடியிருந்தது. இன்சுலின் அளவோடு கூட்டுச்சேரும் இனம் அது. நான் இவற்றைப் படித்து எடுத்துக்கொண்டது இவ்வளவே: கொழுப்பைத் தனியே நிறுத்திப் பார்த்தால் விடை கலங்குகிறது, நாரோடு சேர்த்துப் பார்த்தால் கொஞ்சம் தெளிகிறது.

அதற்கு ஸ்பெயின் வலுவான சாட்சி. மாட்ரிட்டில் ஆயிரம் கர்ப்பிணிகளைச் சேர்த்து நடத்தி 2017இல் வெளியிட்ட ஒரு சோதனையில், ஒரு பிரிவிடம் தினம் குறைந்தது நாற்பது மில்லி ஆலிவ் எண்ணெயும் ஒரு கைப்பிடி பிஸ்தாவும் சாப்பிடச் சொன்னார்கள், காய்கறி பழங்களோடு. மற்றப் பிரிவிடம் கொழுப்பைக் குறைக்கச் சொன்னார்கள். கர்ப்பகால நீரிழிவு எண்ணெய் கூட்டியவர்களில் 17.1 விழுக்காடு, குறைத்தவர்களில் 23.4. பாக்டீரியாவை எண்ணிப் பார்த்த ஆய்வில்லை இது. ஆனால் 'எண்ணெயைக் குறை' என்ற ஒற்றை வரி அறிவுரை இதற்கு முன்னால் நிற்காது. மாத்திரை வழியாகக் குறுக்குப் பாதை தேடியவர்களுக்கும் ஏமாற்றம்தான். துர்க்குவில் பருத்த கர்ப்பிணிகள் 439 பேருக்கு மீன் எண்ணெயும் புரோபயாடிக்கும் கொடுத்துப் பார்த்தார்கள், நீரிழிவு குறையவில்லை. பிரிஸ்பேனில் 411 பேரில் புரோபயாடிக் விழுங்கியவர்களுக்கு 18.4 விழுக்காடும், வெறும் மாத்திரை விழுங்கியவர்களுக்கு 12.3 விழுக்காடும் நீரிழிவு வந்தது. நம்மூர் மருந்துக் கடைகளிலும் இந்தப் பொட்டலங்கள் விற்கின்றன. வாங்குவதற்கு முன் இந்த எண்களை நினைத்துக்கொள்ளலாம்.

நம் பெண்களின் குடலைப் பற்றி நம்மவர்கள் எழுதியது என்ன? வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. தென்னிந்திய இளம்பெண்கள் 56 பேர். 32 பேர் பால் சேர்த்துக்கொள்ளும் சைவம், 24 பேர் அசைவம். வசதி, வயது, உடல்வாகு எல்லாம் ஒன்றுபோல. எல்லாரும் எதிர்பார்ப்பது சைவத்துக்குத்தான் 'நல்ல' பாக்டீரியா என்று. வந்த விடையோ தலைகீழ்: பியூட்டிரேட் தயாரிக்கும் ரோஸ்பியூரியா வகைகள் அசைவம் சாப்பிட்டவர்களிடம் அதிகம். காரணம் கறியாகவே இருக்க வேண்டியதில்லை, அந்தப் பிரிவினர் கலோரியும் கூட்டு மாவுச்சத்தும் அதிகம் சாப்பிட்டிருந்தார்கள். அதாவது சோறு. 2019இல் போபால் ஆய்வாளர்கள் 110 இந்தியர்களைப் பார்த்தபோது, மரக்கறியும் தானியமும் தின்ற வடக்கத்திக் கூட்டத்தில் பிரிவோடெல்லா ஓங்கியிருந்தது. மீனும் இறைச்சியும் சேர்ந்த கேரளக் கூட்டத்தில் பாக்டீராய்டிசும் ஃபீக்கலிபாக்டீரியமும். இந்தியக் குடல் என்று ஒரே சரக்கு கிடையாது. ஐரோப்பியக் கர்ப்பிணியின் அட்டவணையை வைத்து நம் பெண்ணுக்கு மதிப்பெண் போட முடியாது.

ஆனால் சர்க்கரை நம் பெண்களைப் பிடித்துவிட்டது. சென்னையின் வீ. சேஷையா குழுவினர் 2008இல் தமிழ்நாட்டுச் சமூக அளவில் எடுத்த கணக்கு: கர்ப்பகால நீரிழிவு நகரத்தில் 17.8, சிறுநகரங்களில் 13.8, கிராமங்களில் 9.9 விழுக்காடு. ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 2019 முதல் 2021 வரை, தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினர் அதிக எடை, 12.6 விழுக்காட்டினர் குறைந்த எடை. ஒரே தெருவில் இரண்டும் இருக்கிறது. அதிலே ஒருத்திக்கு நெய் மருந்து, இன்னொருத்திக்கு யோசனைக்குரியது. பெட்டகம் இரண்டு பேருக்கும் ஒன்றே.

எந்த எண்ணெய் என்ற கேள்விக்கு அரும்பாவூரை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சைமலை அடிவாரத்தில், பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை வட்டத்துப் பேரூர். 2020இல் இங்குள்ள மரச்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சிற்பிகள் உளி வைக்கும் மரங்களில் வாகையும் ஒன்று. அதே வாகையில் செய்ததுதான் இன்று ஊர் ஊராகத் திரும்ப வந்திருக்கும் மரச்செக்கு. 'மரச்செக்கு எண்ணெய் கர்ப்பிணிக்கு நல்லது' என்ற பலகை பார்க்காத கடைவீதி இல்லை. செக்கில் ஆட்டிய கடலையெண்ணெய்க்கு மணம் உண்டு, சில நுண்பொருட்கள் தங்குகின்றன. சுத்திகரித்ததில் அவை கழிந்துபோகின்றன. ஆனால் கொழுப்பு அமிலங்களின் விகிதம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: பாதி ஒற்றை நிறைவுறா, மூன்றில் ஒரு பங்கு பல்நிறைவுறா, மிச்சம் நிறைவுற்றது. ஈரல் செக்கைப் பார்த்துப் பித்தம் சுரப்பதில்லை. பிடித்திருந்தால், கட்டுப்படியானால் வாங்கலாம். நல்லெண்ணெயில் இரண்டு நிறைவுறா வகைகளும் ஏறக்குறைய சரிபாதி. தேங்காயெண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்றது. அதன் லாரிக் அமிலம் சில பாக்டீரியாக்களைக் கொல்லவல்லது என்றாலும், சிறுகுடலில் உறிஞ்சப்பட்ட பிறகு பெருங்குடலுக்கு எவ்வளவு மிஞ்சும் என்ற பழைய கேள்வி அதற்கும் உண்டு.

ரேஷன் பாமாயிலைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக நிறைவுற்ற கொழுப்பு. அதற்குப் பதில் கடலையெண்ணெய் கொடுங்கள் என்று விவசாயிகள் கேட்பது நியாயமான கோரிக்கை. அது நிலக்கடலை விலைக்கான கோரிக்கை. குடலுக்கான கோரிக்கையாக அதை எழுப்பினால் ஏழரை கிராம் தாங்காது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2010ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, உடலுழைப்புக் குறைந்த பெண்ணுக்கு நாளைக்கு 20 கிராம், கர்ப்பிணிக்கு 30 கிராம் எண்ணெய் நெய் தேவை. வயல்வேலைக்குப் போகும் வீட்டில் இந்த அளவு பல நாள் எட்டுவதே இல்லை. கவலைப்பட வேண்டிய கொழுப்பு அடுப்படியில் இல்லை, பேருந்து நிலையத்தை ஒட்டிய கடைகளில் இருக்கிறது. பஃப்ஸ், க்ரீம் பன், திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் விழும் பஜ்ஜி. டிரான்ஸ் கொழுப்புக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜனவரி முதல் இரண்டு விழுக்காடு உச்சவரம்பு வைத்திருக்கிறது. பொரித்த எண்ணெய் எவ்வளவு கெட்டால் கொட்ட வேண்டும் என்பதற்கும் 2018 முதல் விதி உண்டு. விதி வாணலி வரைக்கும் இறங்கியிருக்கிறதா என்பது கடைக்குக் கடை மாறும்.

அதைவிடப் பெரிய இழப்பு தட்டிலிருந்து சத்தமில்லாமல் வெளியேறியது. பெரம்பலூர், அரியலூர் மானாவாரிக் காடுகளில் வரகும் சோளமும் கம்பும் விளைந்த காலத்தில் வீட்டில் வெந்ததும் அவைதான். இப்போது அதே காட்டில் மக்காச்சோளம். மாநிலத்தில் அது அதிகம் விளையும் மாவட்டங்களில் பெரம்பலூர் முன்வரிசை. விளைந்தது மூட்டை கட்டி நாமக்கல் பக்கம் கோழித் தீவனமாகப் போகிறது. வீட்டுக்கு விலையில்லா அரிசி வருகிறது. தீட்டிய அரிசியில் நார் சொற்பம். வரகின் உமி நீக்கிய அரிசியிலும் அதைவிட அதிகம் உண்டு. சீனத்து ஆய்வில் கொழுப்பை எதிர்கொள்ள நார் கொஞ்சமாவது இருந்தது. நம் தட்டில் அதுவும் கழிந்த பிறகு, கொழுப்பு குறைவாக இருந்தும் பியூட்டிரேட் தயாரிப்பவர்களுக்கு இரை இல்லை. 2020இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் 'சயின்ஸ்' இதழில் காட்டியது இதனோடு சேரும்: கர்ப்பத்தில் நார் தின்ற தாய் எலியின் குடலில் உண்டான குறுஞ்சங்கிலி அமிலங்கள் கருவையே எட்டி, குட்டி பிற்பாடு கொழுக்காமல் காத்தன.

கைவசம் இருப்பதையும் சொல்ல வேண்டும். சின்ன வெங்காயத்துக்குப் பெயர்போனது இந்த மாவட்டம். செட்டிகுளம் வெங்காயம் என்றால் திருச்சி மண்டி வரை தெரியும். வெங்காயத்தில் உள்ள ஃபிரக்டான் என்ற நார் நம் சிறுகுடலுக்குச் செரிக்காது. பெருங்குடலில் பிஃபிடோபாக்டீரியத்துக்கு நேரடி உணவு. ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி செரிக்காத வடிவத்துக்கு மாறி நார் போலப் பெருங்குடல் வரை போகிறது. இரவு ஊறியதில் லாக்டிக் பாக்டீரியாவும் சேர்கிறது. பழைய சோறும் உரித்த வெங்காயமும் ஏழையின் காலை உணவாக இருந்ததற்கு வறுமைதான் காரணம் என்று நினைத்தோம். வறுமை தெரியாமலே சரியாகப் பிடித்திருந்தது. மசக்கையில் வெங்காய வாசனையே ஆகாதவர்களுக்கு இதெல்லாம் பேச்சுக்குத்தான், அது தனிக்கதை.

பிள்ளைக்குப் போகுமா என்ற பயத்துக்கு வருகிறேன். ஹூஸ்டனில் கியெர்ஸ்டி ஆகார்ட் குழு 2016இல், கர்ப்பத்தில் கொழுப்பு அதிகம் உண்ட தாய்மாரின் குழந்தைகளுடைய முதல் மலத்தில் பாக்டீராய்டிஸ் குறைவு என்றும், ஆறு வாரம் ஆகியும் அந்தக் குறை மாறவில்லை என்றும் கண்டது. தாய்க்குரங்குகளிலும் இதைப் போன்ற தடம் கிடைத்திருக்கிறது. இது எப்படிப் போய்ச்சேர்கிறது என்பதில் அதே குழு 2014இல் சொன்ன நஞ்சுக்கொடி பாக்டீரியாக் கதை நிலைக்கவில்லை. கேம்பிரிட்ஜில் 2019இல் ஐந்நூறுக்கும் மேற்பட்ட நஞ்சுக்கொடிகளைச் சோதித்து, அங்கே குடித்தனம் எதுவும் இல்லை என்று முடித்துவிட்டார்கள். ஆக, பாக்டீரியா கைமாறுவது பிறக்கும்போதும் அதற்குப் பிறகும், பெரும்பாலும் தாயின் மலத்திலிருந்து. அறுவைப் பிரசவத்தில் இந்தக் கைமாற்றம் தடைப்படுகிறது. ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 44.9 விழுக்காடு பிரசவம் அறுவையில் நடந்தது. தாய் பத்து மாதம் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டுச் சேர்த்த கூட்டத்தை அந்த ஒரு மணி நேரம் வழியிலேயே நிறுத்திவிடுகிறது. நெய்யைப் பற்றி வீட்டுக்கு வீடு நடக்கும் வாதத்தில் பாதியளவாவது இதைப் பற்றி நடந்தால் தேவலை.

இந்தியாவில் கருவுறுவதற்கு முன்பே தட்டை மாற்றிப் பார்த்த பெரிய சோதனை ஒன்று இருக்கிறது. மும்பைக் குடிசைப்பகுதிகளில் 6,513 பெண்களைச் சேர்த்தார்கள். ஒரு பிரிவுக்குக் கீரையும் பழமும் பாலும் கலந்த பலகாரம். மற்றதற்கு உருளைக்கிழங்கு, வெங்காயம் போட்டது. கருவுறும் முன்பே தொடங்கிப் பிரசவம் வரை. கர்ப்பகால நீரிழிவு முதல் பிரிவில் 7.3 விழுக்காடு, மற்றதில் 12.4. பிள்ளையின் எடை கூடியது, கருவுறுவதற்கு மூன்று மாதமாவது முன்பிருந்தே அந்தப் பலகாரம் சாப்பிட்ட பெண்களிடம் தெரிந்தது. குடல் பாக்டீரியாவை அவர்கள் எண்ணவில்லை. கீரை நார் அங்கே என்ன செய்தது, பால்கொழுப்பு என்ன செய்தது என்று பிரித்துப் பார்க்கவும் வழியில்லை. ஆனாலும் மெக்மாஸ்டர் எலிகளும் இஸ்ரேல் கர்ப்பிணிகளும் காட்டிய அதே மாதங்களைத்தான் இதுவும் காட்டுகிறது.

நம் பெட்டகமோ பதிவுக்குப் பிறகு வருகிறது. பன்னிரண்டு வாரத்துக்குள் பதிந்தாலும், நெய் கையில் கிடைக்கும்போது மூன்றாம் மாதம் ஆகிவிடும். தை மாதம் கல்யாணம், சித்திரையில் நாள் தள்ளிப்போனது, ஆடியில் பெட்டகம் என்று ஒரு கணக்குப் போட்டால், தையிலிருந்து சித்திரை வரை அந்தப் பெண் புது வீட்டில் என்ன சாப்பிட்டாள் என்பது யார் கணக்கிலும் இல்லை. விருந்து என்ற பேரில் பிரியாணியும் பரோட்டாவும் தின்றிருக்கலாம். புது மருமகள், எல்லாருக்கும் பரிமாறிவிட்டு அடிச்சட்டியில் மிஞ்சிய ரசத்தோடு நிறுத்தியிருக்கவும் கூடும். ஆனால் அவள் பெயர் ஏற்கெனவே ஓர் ஏட்டில் இருக்கிறது. கிராம சுகாதாரச் செவிலியர் ஒவ்வொருவரிடமும் தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு ஒன்று உண்டு. கல்யாணமாகி ஊருக்கு வந்த பெண்ணின் பெயரை நர்ஸம்மா அதில் எழுதிவிடுவார். குடும்பக் கட்டுப்பாட்டுக்காகத் தொடங்கிய ஏடு அது. வயது, எத்தனை குழந்தை, என்ன கருத்தடை முறை என்று கேட்கத்தான் வாசற்படி ஏறுவார்கள். சத்துமாவும் நெய்யும் தருவதற்கு அதே வாசற்படியை நாலு மாதம் முன்னதாக ஏறலாம்.